முப்பது நாள் பழைய பட்டியல்

1

நாளைக் காலை எங்கள் தெருவில் பெரிய குப்பை எடுக்க வண்டி வருகிறது. வருடத்துக்கு இரண்டு முறைதான் வரும். கால் உடைந்த நாற்காலி, ஸ்பிரிங் துருத்திய மெத்தை, சுற்றுவதை நிறுத்திக்கொண்ட சலவை இயந்திரம் என்று வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாத, தொட்டியில் திணிக்கவும் முடியாத எதையும் முந்தின நாள் நடைபாதையில் கொண்டுபோய் வைத்துவிடலாம். வண்டி வருவதற்குள் பாதிச் சாமான் காணாமல் போய்விடும். ஒருவர் கழித்ததை இன்னொருவர் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போவார். அதை இங்கே யாரும் தப்பாக நினைப்பதில்லை.

எங்கள் வீட்டிலிருந்து இந்த முறை போகப்போவது ஒரே ஒரு பொருள். சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. கோட்டு மாட்டும் இடத்துக்குக் கீழே, ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, ஒரு வருடமாகச் சும்மா கிடக்கிறது. மழை வருவதற்குள் வைத்துவிட வேண்டும். வானம் மூடிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே அது எப்போதும் மூடிக்கொண்டுதான் இருக்கும்.

தூக்குவதற்கு முன்னால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் "அங்க எப்படீங்க இருக்கறீங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். "நல்லா இருக்கோமுங்க" என்று ஏழு வருடமாகச் சொல்லி அந்தப் பதில் வெளுத்துவிட்டது. அதிகம் துவைத்த பனியன் மாதிரி ஆகிவிட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதில் ஒரு துண்டு இது.

2

வடக்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். ஊரின் ஓரத்தில் ஒரு துணிக் கிடங்கு. காலை ஆறே முக்காலுக்குப் பேருந்து. கப்பலில் வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, சிலதை எடுத்து மேசையில் விரித்து அளக்கிற வேலை எனக்கு. மார்பு அகலம், உயரம், கை நீளம், கழுத்து. பல பெட்டிகளின் பக்கவாட்டில் திருப்பூர் என்று அச்சடித்திருக்கும். பன்னிரண்டு வருடம் அந்தப் பக்கத்தில் நின்று இந்தப் பெட்டிகளை மூடினேன். இப்போது இந்தப் பக்கத்தில் நின்று திறக்கிறேன். நடுவில் இருப்பது கடல் என்கிறார்கள். எனக்கு அது ஒரு மேசையின் அகலம்தான்.

தோளில் ஓர் ஊசி ஓட்டை இருக்கும். அது எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியும். கரண்ட் போய் வந்திருக்கும், கப்பல் தேதி கழுத்தில் நின்றிருக்கும், மழுங்கிய ஊசியை மாற்ற ஒருத்தருக்கும் நேரம் இருந்திருக்காது. தெரிந்துகொண்டே நிராகரிப்பு என்ற கட்டத்தில் டிக் போடுவேன். அன்றைக்குச் சாயங்காலம் சோறு இறங்காது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் இறங்கும். களைப்பு எதையும் இறக்கிவிடும்.

மொழியைப் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியத்தை முடித்தால் சட்டைப் பித்தான் போடாமல் வெளியே வந்த மாதிரி இருக்கும். இங்கே அதற்கு ஈடாக ஒரு சொல்லைத் தேடி, 'பிட்டே' என்பதைப் பிடித்துக்கொண்டேன். தயவுசெய்து என்று அர்த்தம். ஆமாம், தயவுசெய்து. பெட்டி ஈரம், தயவுசெய்து. வெளியே மழை, தயவுசெய்து. உன்னிடம் மழைகூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் பெய்யும் போல என்று மேற்பார்வையாளர் சிரித்தார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள், நான் கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அவள் நினைத்தது முழுத் தப்பும் இல்லை.

3

இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியின் கதை திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் ஆரம்பிக்கிறது.

நான் வேலை பார்த்த ஏற்றுமதிப் பனியன் கம்பெனியில் எட்டுக் கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன். மோடம் கத்திக் கத்திக் கனெக்ஷன் கிடைப்பதற்குள் டீ ஆறிவிடும். கிடைத்த லைனை எட்டுப் பேரும் பங்கு போட வேண்டும். அதற்காக ஒரு கம்ப்யூட்டரை மட்டும் வெளியே பேச விட்டு, மற்ற ஏழும் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்தோம். அதன் பெயர் ப்ராக்ஸி. பக்கம் வேண்டும் என்றால் நீங்கள் நேரே போக முடியாது. ப்ராக்ஸியிடம் சொல்ல வேண்டும். அது போய் எடுத்துவந்து கொடுக்கும், கொடுத்ததில் ஒரு நகலையும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்த ஆள் அதே பக்கத்தைக் கேட்டால் வெளியே போகாமல் நகலை நீட்டும். லைன் மிச்சம், நேரம் மிச்சம்.

அதை என்னோடு உட்கார்ந்து செய்தவன் செல்வின். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன், கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். எங்கள் ஆட்கள் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து லைனை அடைப்பதைப் பார்த்துப் பொறுமை இழந்து போனான். "சும்மா சும்மா ரிஃப்ரெஷ் அடிச்சே லைனைக் கொல்லுதானுவ. இரி, ஒரு பூட்டு போடுதேன்" என்று சொல்லி இரண்டு வரி எழுதினான். அந்த வரிகளின் பொருள் இதுதான்: முப்பது நாள்வரை கையில் இருப்பதையே கொடு, புதுசு வேண்டும் என்று அடித்துக் கேட்டாலும் கொடுக்காதே.

மறுநாள் கிரிக்கெட். இந்தியா நாலு விக்கெட்டுக்கு நூற்றிப் பத்து. மத்தியானமும் நூற்றிப் பத்து. மாட்ச் முடிந்து ஆட்டக்காரர்கள் வீட்டுக்குப் போனபிறகும் நூற்றிப் பத்து. கட்டிங் பிரிவிலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அவுட்டே ஆகாம மூணு நாளா நிக்கறாங்களே, இவுங்கள நம்ம கம்பெனிக்கு எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். செல்வின் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு விதிவிலக்குப் பட்டியல் போட்டான். தினசரி மாறுகிற பக்கங்களின் பெயர்களை அதில் எழுதிவிட்டால் அவற்றுக்கு மட்டும் பூட்டு கிடையாது. கிரிக்கெட், மெயில், பத்திரிகை. அதன்பின் யாருக்கும் தொந்தரவு இல்லை.

அந்த வரிகளை எல்லாம் ஒரு ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தேன். ஊரை விட்டுக் கிளம்பும்போது என் மனைவி பூங்கொடி கொள்ளும் கடலையும் வறுத்துக் கட்டினாள். நான் சட்டைகளுக்கு நடுவே ஃப்ளாப்பியைச் செருகினேன். அதை ஏன் எடுத்துவந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உருப்படியாக ஒன்றைச் செய்து முடித்த அத்தாட்சி அது என்று தோன்றியிருக்கலாம்.

4

இங்கே வந்து ஐந்தாம் வருடம் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர் சேர்ந்துவிட்டன. சமையலறையில் பூங்கொடிக்கு ஒன்று. மகள் கயல் அறையில் ஒன்று. எனக்கு ஒன்று. எல்லாமே யாரோ கழித்தவை, நடைபாதையில் கண்டெடுத்ததும் ஒன்று உண்டு. கனெக்ஷன் மட்டும் ஒன்று, அதுவும் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்த மலிவான ரகம். கிடங்கு அலுவலகத்தில் ஒரு பழைய பெட்டியைத் தூக்கிப் போட இருந்தார்கள். கேட்டேன், தயவுசெய்து, தயவுசெய்து என்று கேட்டேன். கொடுத்தார்கள்.

ஒரு சனி, ஞாயிறு முழுக்க அதோடு போனது. தரைவிரிப்புக்கு அடியில் கம்பி ஓட்டினேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இனிமேல் நேரே போகாதே, இந்தப் பெட்டியைக் கேள் என்று எண்களை நிரப்பினேன். கயல் பார்க்கக் கூடாத தளங்கள் என்று ஒரு பட்டியல் வைத்தேன். யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்பதை அது தானே எழுதி வைக்கும். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அப்பனாக இருக்கிறவன் அந்நிய ஊரில் இரவல் வாங்கிக்கொள்கிற தைரியம் அது. இரண்டு சனிக்கிழமை அந்தக் குறிப்பைப் படித்தேன். முடி வெட்டும் முறைகள், குதிரைகள், ஒரு பாட்டின் வரிகள். மூன்றாம் சனிக்கிழமை வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். ஆனால் நான் படித்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப்பின் பள்ளி வேலை இருக்கிறது என்று மாடியில் இருக்கும் தோழி லேனா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

பெட்டிக்குச் சொல்ல வேண்டிய விதிகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கப் பொறுமை இல்லை. ஃப்ளாப்பியைப் போட்டேன். அருள்புரத்து வரிகளை அப்படியே நகலெடுத்தேன். ஏழாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து முதல் தடவையே ஓடிற்று. கைதட்ட ஆள் இல்லாததால் நானே ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். பத்திரிகைப் பக்கம் பழையதாகவே நின்றபோது அதை விதிவிலக்கில் சேர்த்தேன். வானிலைப் பக்கம் நின்றபோது அதையும் சேர்த்தேன். நின்றது என்று நாங்கள் கண்டுபிடித்ததை எல்லாம் சேர்த்தேன்.

5

பூங்கொடியின் அப்பா, கயலுக்கு அப்புச்சி, காங்கேயத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் தேங்காய்ப் பருப்புக் காயவைக்கும் களத்தைப் பார்த்துக்கொள்கிறார். எழுபதை நெருங்குகிறவர். பூங்கொடி ஒரே பிள்ளை. அம்மா தவறியபோது எங்கள் பாஸ்போர்ட்டுகள் மூன்றும் குடியிருப்பு அனுமதி புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் கிடந்தன. பாஸ்போர்ட்டில் அனுமதி ஸ்டிக்கர் இல்லாமல் வெளியே போனால் திரும்பி வர முடியாது என்றார்கள். அவள் போகவில்லை. சமையலறையில் நின்று போனில் கேட்டாள், அவ்வளவுதான். அழுகைச் சத்தத்துக்கு நடுவே யாரோ யாரிடமோ பாய் எடுத்துவரச் சொன்னதுகூடக் கேட்டது என்று பிற்பாடு சொன்னாள்.

நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்பீர்கள். என் வேலை ஒப்பந்தம் வருடா வருடம், அனுமதி அந்த ஒப்பந்தத்தின் வாலில். ஒன்று கைக்கு வரும்போது மற்றொன்று முடிகிற தறுவாயில் இருக்கும். அதனால் அவரை இங்கே அழைப்பது என்று முடிவு செய்தோம். கோடையில் மூன்று மாதம். ஆறு வருடம் கழித்து அவள் அப்பாவைப் பார்ப்பாள்.

அவருடைய செலவுக்கெல்லாம் நானே பொறுப்பு என்று இங்கே ஓர் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். அங்கே அவர் கோவைக்குப் போய்ப் புகைப்படம் எடுத்தார், காது தெரியவில்லை என்று மறுபடி எடுத்தார். தாலுகா அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்து, பூங்கொடி தன் மகள்தான் என்று ஓர் உறவுச் சான்று வாங்கினார். அது விண்ணப்பத்துக்குத் தேவைப்படவில்லை. இருந்தாலும் கேட்டால் கொடுக்கலாம் என்று மஞ்சள் பையில் போட்டு வைத்துக்கொண்டார்.

திருப்பூரில் ஏற்றுமதியில் கழிந்த துணி விற்கும் கடையில் குல்லா வைத்த தடிப்பனியன் ஒன்று வாங்கியிருந்தார். தாங்குமா என்று சோதிக்க, சித்திரை வெயிலில் களத்தில் அதைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "எல்லாருஞ் சிரிக்கறாங்க கண்ணு. உள்ள வேத்து ஊத்துது. ஆனா குல்லா நல்லாருக்குது" என்று போனில் சொன்னார். பூங்கொடி அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக் காட்டினாள். வீட்டில் எல்லோரும் என்றால் நானும் கயலும்தான்.

விசா விவகாரத்தில் கடிதம் வராது. செவ்வாய்தோறும் சென்னைத் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் கோப்பு எண்களின் பட்டியல் போடுவார்கள். எந்த எண்ணுக்கு விசா தயார், எந்த எண் இன்னொரு பத்திரம் தர வேண்டும் என்று இருக்கும். பத்திரம் கேட்டால் மூன்று வாரத்துக்குள் தர வேண்டும், தராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். பக்கத்தின் முகவரி மாறாது, உள்ளே பட்டியல் மட்டும் மாறும்.

"இங்க பிரௌசிங் சென்டர் பையனப் பாக்கச் சொல்லட்டுங்களா மாப்ள?" என்று கேட்டார்.

"வேண்டாங்க மாமா. ஊட்லயே இருக்குது. நாங்க தெனமும் பாத்துக்கறோம்" என்றேன்.

6

தினமும் பார்த்தோம். பூங்கொடி ஒரு ரொட்டிக் கடையில் அதிகாலை வேலைக்குப் போகிறவள். வந்து கையைக் கழுவி, ஈரத்தைத் துடைத்து, ஒரு முறை கும்பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தைத் திறப்பாள். விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்குவாள். எங்கள் எண் பத்தொன்பதில் முடியும். பதினேழு இருந்தது, இருபத்துமூன்று இருந்தது. நடுவில் எங்களுடையது இல்லை. சாயங்காலம் நான் ஒரு முறை பார்ப்பேன். இன்னும் வரவில்லை என்பது கெட்ட செய்தி இல்லையே என்று சொல்லிக்கொள்வோம்.

பட்டியலின் தலையில் தேதி இருந்தது. அதை நாங்கள் பார்க்கவே இல்லை. இரண்டு பேரும் படித்தவர்கள்தான். நான் ஒரு சென்டிமீட்டர் கூடுதலைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறவன். இருந்தும் எண்ணை மட்டுமே தேடினோம்.

இருபத்தொன்பதாவது நாள் மத்தியானம் கயல் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அன்று எனக்கு விடுமுறை, பூங்கொடி கடையில் இருந்தாள். கயல் லேனாவின் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். அம்மா தினமும் கும்பிட்டுப் பார்ப்பதை லேனாவுக்குக் காட்டத்தான்.

"அப்பா, அப்புச்சி நம்பர் இருக்கு. பேப்பர் தரல, க்ளோஸ்னு போட்டிருக்கு."

இருக்காது என்றேன். என் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். பதினேழு, இருபத்துமூன்று. அவள் என்னைப் பார்க்காமல் திரையின் மேல் ஓரத்தைப் பார்த்தாள். தேதியின் மேல் விரலை வைத்தாள்.

"இது போன மாசத்து லிஸ்ட். உன் பொட்டி பழசையே காட்டுது."

புதுப்பித்தேன். அதே. மறுபடி புதுப்பித்தேன். அடித்துக் கேட்டாலும் கொடுக்காதே. செல்வினின் பூட்டு, எவ்வளவு நேர்மையாக வேலை செய்கிறது. நாங்கள் முதல் நாள் பார்த்த பட்டியலை நகலெடுத்து வைத்துக்கொண்டு, இருபத்தொன்பது நாளும் அதையே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மாடிக்குப் போய் லேனா வீட்டில் நின்றுகொண்டே பார்த்தேன். எண் ஒரு வாரத்திலேயே வந்திருந்தது. கேட்டிருந்த பத்திரம் ஒன்றே ஒன்று. விண்ணப்பதாரருக்கும் அழைப்பவர் குடும்பத்துக்கும் உள்ள உறவைக் காட்டும் சான்று.

மஞ்சள் பையில் இருந்தது அது.

கீழே வந்து பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினேன். சின்ன மின்விசிறி ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டிருந்ததே, அது நின்ற பிறகுதான் இத்தனை நாள் வீட்டில் ஒரு சத்தம் இருந்தது என்று தெரிந்தது.

7

பூங்கொடியிடம் பொய் சொன்னேன். பட்டியலில் போடாமலே மூடிவிட்டார்கள் என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. இந்த நாட்டில் அலுவலகத்தின் மேல் பழி போட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அவள் நம்பினாள். ரொட்டிக் கடையில் எல்லோரிடமும் சொல்லி ஆற்றிக்கொண்டாள். நான் மேல்முறையீடு பற்றிப் படிப்பது போலப் பாவனை செய்தேன். கயல் சாப்பாட்டு மேசையில் என்னைப் பார்ப்பாள், பிறகு தட்டைப் பார்ப்பாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் கேட்கவில்லை. அவளாகவே சொல்லாமல் இருந்தாள். அந்தக் கருணையைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் வாரம் மாமனாரிடமிருந்து போன் வந்தது. சென்னைக்குப் பஸ் ஏறப்போவதாகச் சொன்னார். "நாம என்ன தப்புப் பண்ணினோமுன்னு நேர்ல கேட்டுப்போட்டு வந்தர்றன். தப்புன்னா மன்னாப்புக் கேட்டுக்கறன். காயிதமெல்லாம் பையில இருக்குது" என்றார். ராத்திரிப் பஸ், எட்டு மணி நேரம், முழங்கால் வலி. எந்த வாசலில் போய் நிற்பார், யார் உள்ளே விடுவார்கள்? என் பெட்டி செய்த தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்கப் போகிறார்.

கயல் என் பின்னால் நின்றிருந்தாள்.

"அப்பா, நீ சொல்லு. இல்லன்னா அப்புச்சி சும்மா போவாரு."

எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் அப்பனை நீ என்று சொல்லாது. அவள் தமிழிலிருந்து 'ங்க' எப்போது உதிர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். அன்றைக்குத் திருத்த வாய் வரவில்லை. மரியாதை எல்லாம் என் பக்கம் இருந்தது, உண்மை அவள் பக்கம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்கொடி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். ஃப்ளாப்பி, பூட்டு, முப்பது நாள் எல்லாம். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"அப்ப நான் தெனமும் கும்புட்டுப் பாத்தது பழசுங்களா?"

"ஆமா."

"இத்தன நாளா நான் போயி அந்த ஆபீஸ்காரங்களத் திட்டீட்டு இருந்தேன்."

"ஆமா."

துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில்தான் பேசுவோம், கயலும் கேட்கட்டும் என்று.

"அப்பா, சென்னைக்குப் போக வேண்டாமுங்க. அவுங்க மேல தப்பில்லீங்க. பட்டியல்ல போட்டுத்தான் இருந்திருக்கறாங்க. நாந்தான் பாக்காம உட்டுட்டேன்."

போனை வாங்கக் கையை நீட்டினேன். அவள் என் பக்கம் திரும்பாமல் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள்.

அந்தப் பக்கம் களத்தில் யாரோ பருப்பைக் கிளறுகிற சத்தம். "நீயா கண்ணு?" என்றார்.

"ஆமாங்கப்பா. வேலை மும்முரத்துல."

பிறகு, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறேனுங்க மாமா என்றேன்.

"மாப்ள, புள்ளைய ஒண்ணுஞ் சொல்லீராதீங்க. அவளுக்கு வேலை சாஸ்தி. மறந்திருப்பா. போச்சாது உடுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"செரீங்க மாமா" என்றேன். என் வாழ்க்கையில் நான் போட்ட 'ங்க'க்களிலேயே கேவலமானது அது.

போனை வைத்தபின் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் யோசித்துத்தான் சொன்னாள். "உங்களப் பத்தி ஒரு நெனப்பு வந்துட்டா அவரு அத வெளிய சொல்ல மாட்டாரு, உள்ளயே வெச்சுட்டு இருப்பாரு. நான் மகதானுங்க. என்னைய ரெண்டு நாள்ல மறந்திருவாரு." கதவுவரை போய்விட்டுத் திரும்பினாள். "நான் மறந்துட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

8

அடுத்த வருடம் வந்துவிட்டது. பொறுப்புப் பத்திரம் காலாவதியாகிவிட்டது, புதிதாகப் போட வேண்டும். போடலாமா என்று இரண்டு மாதம் முன்பு கேட்டோம். "இந்த வருசம் வேண்டாமுங்க மாப்ள, களத்துக்கு ஆள் கெடைக்கறதில்ல. முட்டியும் செரியில்ல" என்றார். குல்லா பனியன் என்ன ஆயிற்று என்று பூங்கொடி கேட்டதற்கு, பீரோவில் இருக்கிறது, பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன் என்றார்.

வீட்டில் இப்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பெட்டி மின்னிக்கொண்டிருக்கிறது, கடையில் வாங்கியது. அது எதையும் வைத்துக்கொள்வதில்லை. கயல் மாடிக்குப் போவது குறையவில்லை. இருந்தாலும் போகும்போது சொல்லிவிட்டுப் போகிறாள்.

இதுவரை எழுதிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். பூங்கொடி கடையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கதவருகே நின்று அதைப் பார்த்தாள்.

"போடறதுக்கு முன்னால அந்தப் பக்கத்த ஒருக்கா எனக்குக் காட்டுங்க."

எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு வருடம் தூங்கிய பெட்டியைச் சமையலறைக்குக் கொண்டுபோய், வெளியுலகத்துக்குப் போகும் கம்பியை மாட்டாமல், அவள் கம்ப்யூட்டரோடு மட்டும் இணைத்தேன். நகல் முப்பது நாளைத் தாண்டிவிட்டது, வெளியே போய்ப் புதிது எடுத்துவரப் பார்க்கும். ஆகவே வயதைப் பார்க்காதே, இருப்பதைக் காட்டு என்று ஒரு வரி சேர்த்தேன். மின்விசிறி சுற்றியது. பக்கம் வந்தது.

அவள் கையைக் கழுவியிருக்கவில்லை. விரல்களில் மாவு. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேலே தேதியை ஒரு முறை பார்த்தாள். பிறகு விரலை வைத்து, பழைய வழக்கப்படி, மேலிருந்து மெல்ல இறங்கினாள். பதினேழு. இருபத்துமூன்று. திரையில் மாவுக் கோடு விழுந்தது.

"இன்னும் வரலைங்க" என்றாள்.

அந்தப் பட்டியலில் கோப்பு மூடப்படவில்லை. அவர் இன்னும் பையை எடுத்து வைத்துக்கொண்டு காங்கேயத்தில் காத்திருந்தார். நான் பின்னால் நின்றேன். ஜன்னலில் மழை ஆரம்பித்தது.

பிறகு எழுந்து, சட்டைக் கையால் திரையைத் துடைத்தாள்.

"அணைச்சிருங்க. நனையறதுக்குள்ள கொண்டுபோயி வெச்சிட்டு வாங்க. வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும்."